கோமளா ப்ளூ

திருப்பூர் வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் ஒரு துணி கெட்டுப்போனால் "கோமளா ப்ளூ ஆயிருச்சு" என்பார்கள். கெட்டது நீலமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிவப்பு திட்டுத்திட்டாக வந்தாலும் கோமளா ப்ளூ, மஞ்சள் வெளுத்துப்போனாலும் கோமளா ப்ளூ. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இன்றைக்குச் சொல்கிறான். கோமளா என்று ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாள், அதே வரிசையில் நாலு பட்டறை தள்ளி லேபில் நின்று வேலை பார்க்கிறாள் என்பது இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் அவளைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள், அவள் போனதும் சிரிப்பார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா என்று கேட்டால், நன்றாகவே தெரியும்.

கோமளா குன்னத்தூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பா வெள்ளையன் காட்டு வேலைக்குப் போய் மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார். பரீட்சை முடிந்த கையோடு அவள் திருப்பூருக்கு பஸ் ஏறி, ஒரு பெரிய சாயப்பட்டறையின் லேபில் சேர்ந்தாள். லேப் என்றதும் விஞ்ஞானக் கூடம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி வாங்கப்போகிற வெளிநாட்டு பையர் ஒரு நிறத்தை அனுப்புவார். அந்த நிறத்தை உள்ளங்கை அகலத் துணியில் ஏற்றிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் லேப் டிப். துணித்துண்டை வெள்ளை அட்டையில் பின் அடித்து அனுப்பினால், பையர் சரி என்றோ தப்பு என்றோ பதில் போடுவார். சரி என்று வந்த பிறகுதான் டன் கணக்கில் துணி சாயத்துக்குள் இறங்கும். ஆக, அந்த உள்ளங்கைத் துண்டுதான் பட்டறைக்கே தலையெழுத்து.

அப்போது அங்கே மாஸ்டராக இருந்தவர் குருசாமி. கைராசிக்காரர், கண்டிப்பானவர், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். நிறம் பார்க்கக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் சில பட்டறைகளில் அது ஒன்று. அன்றைக்கு மேட்ச் செய்ய வேண்டிய நிறத்தைத் திரை முழுக்க வரவைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போவார். பெண்கள் அதைப் பார்த்து வேலையைத் தொடங்க வேண்டும்.

கோமளா சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலை, மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், திரை முழுக்க நீலம். அப்படி ஒரு நீலத்தை அவள் அதுவரை கண்டதே இல்லை. மேலே வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் என்னமோ நாலு வரி. பையர் சொன்ன குறிப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மாஸ்டர் வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒரே வேகம். பொடி நிறுத்தாள், கலந்தாள், முக்கினாள், அலசினாள், இஸ்திரி போட்டாள், வெள்ளை அட்டையில் பின் அடித்து நீட்டினாள்.

குருசாமி அட்டையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏங் கண்ணு, மெஷினு நின்னு போச்சுன்னு அது கத்திக்கிட்டுக் கெடக்குது. நீ அதுக்குச் சாயம் போட்டு வெச்சுருக்கறயே."

மத்தியானத்துக்குள் பட்டறை முழுக்கச் சிரித்தது. ஆட்கள் ஒரு பட்டறையை விட்டு இன்னொன்றுக்குப் போகப் போக, கதையும் டிபன் பாக்ஸோடு கூடவே போனது. கம்ப்யூட்டர் கெட்டதையே சாயத்தில் போட்டவள் என்ற பேர் அவளுக்கு முன்னால் போய் எல்லா லேபிலும் உட்கார்ந்துகொண்டது. அன்று அழுதவள் அதற்குப் பிறகு வேலையிடத்தில் அழுததில்லை. ஆனால் அந்த நீலத்தையும் மறக்கவில்லை. கெட்ட பேர் வாங்கித் தந்த நிறம் என்று அதை வெறுத்திருக்க வேண்டும். அவளால் முடியவில்லை, அது அவ்வளவு அழகாக இருந்தது.

இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. எத்தனையோ மாஸ்டர்களுக்குக் கீழே நின்று வேலை கற்றுக்கொண்டு, போன வருடம்தான் தங்கராஜ் பட்டறையில் லேப் இன்சார்ஜ் ஆனாள். தங்கராஜ் ஊத்துக்குளிப் பக்கம் எருமையும் காடும் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்து பட்டறை போட்டவர். நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். பொம்பளை கையில் லேபைக் கொடுத்துவிட்டார் என்று நாலு பேர் சொன்னதிலிருந்து, கொடுத்தது சரிதானா என்று தினம் ஒரு தடவை தன்னையே கேட்டுக்கொள்வார். கோமளாவுக்கோ, தன் சொல்தான் கடைசிச் சொல் என்று வாழ்க்கையில் கிடைத்த முதல் இடம் இது. காலையில் லேப் கதவைத் திறக்கும்போதே அவளுக்கு ஒரு மிதப்பு வரும்.

கார்த்திகை பிறந்த சமயம், அந்த ஆர்டர் வந்தது.

கொண்டு வந்தவள் வினிதா. பனியன் கம்பெனிக்கும் பையருக்கும் நடுவில் ஓடுகிற மெர்ச்சண்டைசர். சின்ன வயது, பேச்சும் நடையும் வேகம். கோமளாவும் தங்கராஜும் பார்க்க, லேப் மேசையில் படங்களைப் பரப்பி வைத்தாள்.

"அக்கா, இந்த பையர் ஒரு மியூசியமுங்க. பழைய கம்ப்யூட்டரா அடுக்கி வெச்சுருக்கறாங்க. வர்றவங்களுக்கு விக்கறதுக்கு டீ-ஷர்ட் வேணுமாம். டிசைனு என்னன்னு பாருங்க."

பார்த்தார்கள். ஒரு வெள்ளை பனியனில், திரி பற்றவைத்த குட்டி வெடிகுண்டு. முதல் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர்கள் தடுமாறி நின்றால் அந்தப் படத்தைத்தான் காட்டுமாம். வேலை செய்துகொண்டிருப்பவன் மூஞ்சிக்கு நேரே குண்டை நீட்டினால் அவன் என்ன ஆவான் என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. இன்னொன்றில் கண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட அழுமூஞ்சிக் கம்ப்யூட்டர். ஒரு கறுப்பு பனியனில் சிவப்புக் கட்டம். அமிகா என்றொரு கம்ப்யூட்டரில் அது மினுக்மினுக்கென்று எரியுமாம். அதற்குக் 'குருவின் தியானம்' என்று பேர் வைத்திருந்தார்களாம். அதைச் செய்தவர்கள், மெஷின் நின்று நின்று போய் வெறுத்துப்போகும்போது, ஆடுகிற பலகை ஒன்றின் மேல் அசையாமல் சப்பணம் போட்டு உட்கார்ந்து மனதை ஆற்றிக்கொள்வார்கள் என்று கதை சொல்கிறார்கள். அடுத்ததில் படமே இல்லை, விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துக் கேள்வி ஒன்று மட்டும். வினிதா அதைத் தமிழில் சொன்னாள்: நிறுத்தவா, மறுபடி பார்க்கவா, கண்டுக்காமல் விடவா?

"மெஷினு நம்மளையே கேக்குமாங்க?" என்றாள் கோமளா. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

தங்கராஜுக்குத்தான் தாங்கவில்லை. "ஏனுங்க, உலகத்துல பூவு இல்லையா, புலி சிங்கம் இல்லையா? கெட்டுப்போன கம்ப்யூட்டர நெஞ்சுல ஒட்டிக்கிட்டுத் திரியறதுக்கு ஆளு இருக்குதா?"

"நெம்பப் பேரு இருக்கறாங்க சார். இதுல மெயின் பீஸே வேற." வினிதா கடைசிப் படத்தை எடுத்து நடுவில் வைத்தாள். பனியன் முழுக்க ஒரே நீலம், நெஞ்சில் வெள்ளை எழுத்தில் நாலு வரி. "விண்டோஸ் நின்னு போனா வர்ற நீலத் திரை. இதை பிரிண்டுல போடக்கூடாது, துணியையே அந்த நீலத்துல டை பண்ணணுங்கறாங்க. அப்ரூவல் ஆயிட்டா வருசா வருசம் ஆர்டர் வரும்."

கோமளா அந்தப் படத்தைத் தொட்டுப் பார்த்தாள்.  உலகத்தில் எத்தனை லட்சம் பேர் இந்தத் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்திருப்பார்கள். அதற்குச் சாயம் போட்டவள் ஒருத்திதான். அவளைத் தேடிக்கொண்டு வந்ததுபோல் வந்திருக்கிறது ஆர்டர்.

"நான் பண்றனுங்க" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

முதல் டிப்பை எந்தப் படத்தையும் பார்க்காமல் போட்டாள். கண்ணை மூடினால் அந்தக் காலைத் திரை வந்து நின்றது, அதைப் பார்த்துக் கலந்தாள். வெள்ளை அட்டையில் பின் அடித்து அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: நிறம் மங்கல், உயிர் இல்லை.

கோமளா வினிதாவை அதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்தது தப்பா? இரண்டாவது தடவை தன்னை நம்பாமல் வினிதாவின் போனை நம்பினாள். பையர் அந்த நீலத்துக்கு நம்பர்கூடக் கொடுத்திருந்தார். நம்பர் என்னவோ ஒன்றுதான், ஆனால் போனில் ஒரு நீலம், லேப்டாப்பில் ஒரு நீலம், தங்கராஜ் வீட்டு டிவியில் மூன்றாவதாக ஒன்று. போனில் தெரிந்த பளபளப்புக்காக மயில் நீலச் சாயம் கொஞ்சம் சேர்த்தாள். பதில் முன்னைவிட மோசம்: பச்சை அடிக்கிறது, முதலாவதே தேவலை. இன்னும் ஒரு தடவை பார்க்கிறோம், அதற்கு மேல் வேறு இடம்.

தங்கராஜ் லேபுக்கு வந்து, அங்கே கிடந்த துணித்துண்டுகளை அர்த்தமில்லாமல் அடுக்கினார். சொல்ல வந்ததைச் சொல்லக் கூச்சம் அவருக்கு.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. குருசாமி அண்ணன் ரிட்டயர்டு ஆகி ஊட்லதான் இருக்கறாரு. மூணாவதும் போச்சுன்னா, அவர வரச் சொல்லலாம்னு இருக்கறன். மேல இருந்து பாத்துக்கட்டும். நீங்களும் இருங்க."

நீங்களும் இருங்க என்றால் என்ன அர்த்தம் என்று கோமளாவுக்குத் தெரியாதா? மறுபடியும் ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுவும் யார் தோளுக்குப் பின்னால்? எந்த நீலத்தைப் போட்டதற்கு அவர் சிரித்தாரோ, அதே நீலத்தை அவரே வந்து போட்டுக் காட்டுவார். இந்த லேப் தன் கையை விட்டுப் போகப்போகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"செரிங்க. மூணாவது போடறதுக்கு முன்னால, எனக்கு அந்த நெசமான திரைய ஒருக்காப் பாக்கோணுங்க."

நிஜமான திரை என்றால் பழைய கம்ப்யூட்டர், பின்னால் கூடைபோல் புடைத்த பழைய மானிட்டர், இரண்டும் உயிரோடு வேண்டும். திருப்பூரில் அதற்கு எங்கே போவது? வினிதா பத்து இடத்துக்குப் போன் போட்டு ஒருவழியாகக் கண்டுபிடித்தாள். பி.என். ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் வேல்குமார் என்பவர் கழுத்து லேபிள் நெய்கிற தறி வைத்திருந்தார். வெளிநாட்டில் பழசாகக் கழித்துவிட்டதை வாங்கிய தறி. லேபிளில் எழுத்துப் போடுகிற ப்ரோக்ராம் விண்டோஸ் 98-ஐத் தவிர எதிலும் ஓடாது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரை அவர் வீட்டுப் பெரியவரைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனபோது வேல்குமார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தோளில் கறுப்புத் துண்டு, நெற்றி நிறைய சந்தனம்.

"வாங்க வாங்க. நின்னு போறதப் பாக்கோணுங்களா? இதென்ன பெரிய விசயமுங்க, இது டெய்லி நின்னு போகும். போன வாரம் ஒரே நாள்ல மூணு தடவ நின்னுது. உக்காருங்க." முதலில் டிசைன் எல்லாவற்றையும் பத்திரமாக ப்ளாப்பித் தட்டுகளில் எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தட்டினார்.

அது ஓடியது.

வேல்குமார் இருக்கிற ப்ரோக்ராம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தார். ஓடியது. கதவு அகலத்துக்கு லேபிள் ஒன்றை வரைந்து பிரிண்ட் கொடுத்தார். முக்கி முனகிக்கொண்டு பிரிண்டும் வந்தது. சீட்டு விளையாட்டைத் திறந்து நடுவில் மூடினார், பாட்டைப் போட்டார், கீபோர்டில் பத்து விரலையும் வைத்து அமுக்கினார். கம்ப்யூட்டர் பிறந்ததிலிருந்து தப்பே செய்யாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆளுங்க பாக்கறாங்கன்னு வெக்கப்படுதுங்க. மாலை போட்டுட்டேன், இல்லாட்டி இத நாலு வார்த்தை கேட்டிருப்பேன்."

"சாமி, கோபப்படாதீங்க, விரதம் கெட்டுரும்" என்று வினிதா சிரித்தாள். "இதுலயே நீலமா ஒரு படம் போட்டுப் பாத்தா ஆகாதுங்களா?"

வேல்குமார் நிறப்பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் வரிசையாக எத்தனையோ நீலம். எது அந்த நீலம்? கோமளா தலையை ஆட்டினாள். அது தானாக நின்று போய்க் காட்டுகிற நீலம்தான் வேண்டும். அவள் சலிப்போடு மேசையைப் பார்த்தாள். மேசையில் தூசி. இருபத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகத் துணியைத் தேடியது. துடைத்துக்கொண்டே போனவள், ப்ளாப்பித் தட்டு ஒன்று செருகியிருந்த வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

குருசாமியின் லேபில் அன்றும் மேசைதான் துடைத்துக்கொண்டிருந்தாள். ப்ளாப்பி வாயின் பட்டன் நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துடைக்க இடைஞ்சல் என்று பட்டனை அமுக்கி ப்ளாப்பியை வெளியே எடுத்து வைத்தாள். நிமிர்ந்தபோது நீலம்.

"சாமி, அந்தத் தட்டுல இருந்து ஏதாச்சும் படிக்கச் சொல்லுங்க."

வேல்குமார் கட்டளை கொடுத்தார். ப்ளாப்பி கரகரவென்று சுற்றியது, சின்ன விளக்கு எரிந்தது. கோமளா பட்டனை அமுக்கி அதை வெளியே உருவிவிட்டாள்.

கரகரப்பு தடுமாறியது. திரை ஒரு முறை கறுத்தது. அடுத்த கணம், முழுக்க நீலம். மேலே சாம்பல் நிறப் பட்டையில் தலைப்பு, கீழே வெள்ளை எழுத்தில் வரிகள். தட்டைத் திரும்பப் போடு, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று கெஞ்சிக்கொண்டு நின்றது.

"வந்துருச்சு" என்றாள் கோமளா.   பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வினிதா, அன்னைக்கு மெஷினு தானா நிக்கலீங்க. நாந்தான் நிறுத்தியிருக்கறேன். நானே கெடுத்து, நானே சாயமும் போட்டு, பேரும் வாங்கியிருக்கறேன்." கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். குருசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது சரிதான் என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

சிரித்து முடித்ததும் வேலையைத் தொடங்கினாள். வேல்குமார் லேபிள் அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஜன்னலை மறைத்தார். பட்டப்பகலில் அறை இருட்டானது. கோமளா முதல் டிப் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். வம்பு அங்கேதான் இருந்தது. விளக்கைப் போட்டால் துணி தெரிகிறது, திரை வெளுக்கிறது. அணைத்தால் திரை ஜொலிக்கிறது, துணி தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை.

"போடுங்க சாமி. அணைங்க. போடுங்க. அணைங்க."

வேல்குமார் சுவிட்ச்சடியில் நின்று மணியடிப்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தார். கோமளா ஒரு நிறத்தை மனதில் பிடித்து, இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளுக்குக் குழப்பம் கூடியது. நிறம் அதேதான். சந்தேகமே இல்லை, அவள் நினைவிலிருந்து போட்ட முதல் டிப் அந்தத் திரையேதான். ஆனால் திரை உயிரோடு இருந்தது, துணி செத்துக் கிடந்தது. பையர் எழுதியது பொய்யில்லை.

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தாள். நீலம் கண்ணாடியின் விளிம்புவரை போகவில்லை. சுற்றி நாலு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு ஓடியது. கறுப்புக்கு நடுவில் நீலம் உட்கார்ந்திருந்தது. கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவில் நீலம்.

அட்டையிலிருந்து துணியைப் பிய்த்தாள்.

"சாமி, அந்தத் துண்டக் கொஞ்சம் மேசமேல விரிக்கறீங்களா?"

வேல்குமார் தோளிலிருந்த கறுப்புத் துண்டை எடுத்து உதறி மேசையில் விரித்தார். கோமளா நீலத் துண்டை அதன் நடுவில் வைத்தாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நீலம் குபுக்கென்று எழுந்தது. யாரோ அதற்குள் ஒரு திரியைத் தூண்டிவிட்டதுபோல் இருந்தது.

வினிதா அருகில் வந்து குனிந்து பார்த்தாள். வேல்குமார் "சாமியே சரணம்" என்றார், மெதுவாக.

இத்தனை வருடமாகத் திருப்பூர் முழுக்க எல்லா நிறத்தையும் வெள்ளை அட்டையில்தான் பின் அடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வெள்ளை சுத்தம், அவ்வளவுதான். அன்றைக்குக் குருசாமியிடம் அவள் நீட்டியதும் வெள்ளை அட்டைதான். கோமளாவுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவும் செய்தாள். வினிதாவின் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சிக்னலுக்கு சிக்னல் போ போ என்றாள்.

தங்கராஜ் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்தார்.

"மூணாவது சான்ஸுக்கு மொதலாவதையே அனுப்பறதுங்களா? அவனே வேண்டாம்னு சொன்னத?"

"அதே ரெசிப்பிதானுங்க. ஒரு துளிகூட மாத்தக்கூடாது. அட்டை மட்டும் கறுப்பு. பனியனுக்கும் கழுத்துப் பட்டை ரிப்பு, கையோரம், அடிப்பட்டை எல்லாம் கறுப்புல போடச் சொல்லோணும். நீலத்தச் சுத்திக் கறுப்பு இருந்தாத்தான் அது அந்த நீலமுங்க."

"அக்கா, பையர் குடுத்த டிசைன் குறிப்புல, அந்த டெக் பேக்ல, ரிப்பும் நீலம்தான் போட்டிருக்கறாங்க" என்றாள் வினிதா பயத்தோடு. "டிசைன மாத்துங்கன்னு சாயப்பட்டறையில இருந்து சொன்னா கோவிச்சுக்குவாங்க."

"நிறுத்தவா, மறுபடி பாக்கவா, கண்டுக்காம விடவான்னு கேட்டுதுன்னு சொன்னீங்களே. மறுபடி பாக்கலாமுங்க."

கோமளா கறுப்பு அட்டையில் பின் அடித்த துண்டைத் தங்கராஜின் மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் வெள்ளை அட்டையில் அதே துண்டு. இரண்டும் ஒரே துணியிலிருந்து வெட்டியவை என்று சொன்னாள். தங்கராஜ் நம்பவில்லை. வெள்ளை அட்டையிலிருந்ததைத் தானே பிய்த்துக் கறுப்பில் வைத்துப் பார்த்தார். மறுபடி வெள்ளையில் வைத்தார். சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமானை வைத்து விளையாடுவதுபோல் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி வைத்தார்.

"அனுப்புங்க" என்றார் கடைசியில். "ஆனா அம்மிணி, குருசாமி அண்ணன வர்ற வாரம் வரச் சொல்லிட்டேன். அதையும் தெரிஞ்சுக்கோங்க."

பதில் வருகிறவரை கோமளாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் கணவர் செல்வக்குமார் என்ன கேட்டாலும் "ம்" என்றாள். கறுப்பு எது கண்ணில் பட்டாலும் அதன் நடுவில் நீலத்தை வைத்துப் பார்த்தாள். தார் ரோட்டில் வைத்தாள், எருமை முதுகில் வைத்தாள், பக்கத்து வீட்டு ஐயப்ப சாமிகள் வேட்டியில் வைத்தாள். எல்லாவற்றிலும் எரிந்தது.

குருசாமி வர வேண்டிய நாளன்று காலையில்தான் வினிதா வந்தாள். வாசலிலேயே ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள், ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

"அக்கா. கேளுங்க. படிக்கறேன். 'உங்கள் அட்டையை மேசைமேல் வைத்திருந்தேன். எங்களோடு இருக்கும் பழைய இன்ஜினியர் ஒருவர் அந்தப் பக்கம் போனார். பார்த்ததும் நின்று, யாருடைய மெஷின் போய்விட்டது என்று கேட்டார். நிறம் அப்ரூவ்டு. கறுப்பு ரிப் அப்ரூவ்டு.'"

கோமளா வினிதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் சாயம், வினிதாவின் வெளிர் மஞ்சள் சுடிதார் வீணாய்ப் போனது. இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

குருசாமி மத்தியானம் வந்தார். தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டு, கொஞ்சம் கூன் விழுந்திருந்தார். ஆர்டர் ஓகே ஆகிவிட்டது, சும்மா பார்த்துவிட்டுப் போங்கள் என்று தங்கராஜ் சங்கடத்தோடு லேபுக்குள் அழைத்து வந்தார். நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் கறுப்புக் கழுத்து வைத்துத் தைத்த சாம்பிள் பனியன் கிடந்தது.

குருசாமி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கோமளா இந்த ஒரு சிரிப்புக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள். சிரிப்பு வரவில்லை.

"இது அன்னைக்கு நீ போட்டதில்ல?" என்றார்.

"ஆமாங்க. அதேதானுங்க."

"நாஞ் சிரிச்சனே ஒழிய, துணிய ஒழுங்காப் பாக்கவே இல்ல. செரியாத்தான் போட்டிருக்கறே கண்ணு. அன்னைக்கே செரியாத்தான் போட்டிருக்கறே."

 வேலையிடத்தில் அழுவதில்லை என்று இருந்தவள் அன்று அழுதாள், எல்லோர் முன்னாலும், கூச்சமே இல்லாமல்.

தங்கராஜுக்கு அழுகையைப் பார்த்தால் கை கால் ஓடாது. பேச்சை மாற்ற, நிறத்தின் பேர் எழுதுகிற ஷேட் கார்டை அவசரமாக எடுத்தார். "வினிதா, பேரு எழுதலியே. கலருக்கு நம்மளையே பேரு வெச்சுக்கச் சொல்லிட்டாங்களாமா. என்ன போடறது? எர்ரர் ப்ளூன்னு போட்டர்லாமா?"

"அதுக்குத்தான் பேரு இருக்குதுங்களே" என்றாள் கோமளா, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. "இருபத்தஞ்சு வருசமா ஊரே சொல்லிக்கிட்டு இருக்குது. எழுதுங்க வினிதா. கோமளா ப்ளூ."

வினிதா குருசாமியைப் பார்த்தாள், தங்கராஜைப் பார்த்தாள், பிறகு எழுதினாள். அந்த நீலம் இப்போது டன் கணக்கில் சாயத்தில் இறங்கிக் கப்பலேறிப் போய்க்கொண்டிருக்கிறது. வீரபாண்டிப் பக்கத்துப் பட்டறைகளில்தான் ஒரு சங்கடம். துணி கெட்டுப்போனால் என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் திண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.